நஷ்டத்திலேயே ஓடிய கடை: லூசியானாவில் ஸ்பெயின்

நாற்பது வருஷம் நஷ்டத்திலேயே ஓடும் கடையை யாராவது மூடாமல் வைத்திருப்பார்களா? காரைக்குடிப் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். இங்கிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார் (செட்டியார்கள்) மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஏஜென்ட்டை மாற்றி, ஐந்தொகை எழுதி வாங்கி, முதலுக்கே மோசம் வரும் என்று தெரிந்தால் கடையைக் கட்டிவிட்டு அடுத்த ஊர் பார்த்தவர்கள். ஆனால் ஸ்பெயின் ராஜாங்கம் வட அமெரிக்காவில் லூசியானா என்கிற மாபெரும் கடையை 1762 முதல் 1803 வரை கைக்காசு போட்டே நடத்தியிருக்கிறது. அதுவும் லாபம் வராது என்று தெரிந்தே.

ஹூஸ்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் நியூ ஆர்லியன்ஸுக்குக் காரில் கூட்டிப்போனான், அங்கேதான் எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. ஊரின் பழைய பகுதியை பிரெஞ்சு குவார்ட்டர் என்கிறார்கள். ஆனால் தெருமுனைச் சுவர்களில் பீங்கான் ஓடு பதித்து, இந்த ஊர் ஸ்பானிய லூசியானாவின் தலைநகராக இருந்த காலத்தில் இந்தத் தெருவுக்கு என்ன பெயர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆத்தங்குடி ஓட்டை மிதித்து வளர்ந்தவன் ஓட்டைக் கண்டால் நிற்காமல் போவானா, நின்றேன். மகன் சாப்பிடப் போகலாம் அப்பா, போகலாம் அப்பா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைய லூசியானா இன்றைக்கு இருக்கும் ஒரு மாநிலம் அல்ல. மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் தொடங்கி ராக்கி மலை வரை விரிந்த நிலம், கூடவே கிழக்குக் கரையில் நியூ ஆர்லியன்ஸ். ஏழாண்டுப் போரில் இங்கிலாந்திடம் தோற்றுக்கொண்டிருந்த பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயி, 1762 நவம்பரில் தன் பங்காளியான ஸ்பெயின் அரசர் மூன்றாம் கார்லோஸுக்கு இதை ரகசியமாக எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே குடியிருந்த பிரெஞ்சுக்காரர்களுக்குத் தங்கள் தலைக்கு மேலே ராஜா மாறிவிட்டார் என்று தெரியவே 1764 ஆகிவிட்டது. அந்தப் பெரிய நிலத்தில் ஓசேஜ் போன்ற பூர்வகுடிகள்தான் நிஜத்தில் ஆண்டார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியர்கள் வரைபடத்தில் வண்ணம் பூசினார்கள், ஆற்றங்கரையில் சில கோட்டைகளும் தோட்டங்களும் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். வருஷா வருஷம் அந்தப் பூர்வகுடித் தலைவர்களுக்குப் பரிசுப் பொருள் கொடுத்துச் சமாதானமாக வைத்திருப்பதே அரசாங்கத்துக்குப் பெரிய செலவு.

ஸ்பெயின் ஏன் இதை வாங்கிக்கொண்டது என்றால், மெக்சிகோ. வெள்ளி விளைந்த இடம் அதுதான். 1763 உடன்படிக்கைக்குப் பிறகு இங்கிலாந்து மிசிசிப்பியின் கிழக்குக் கரைக்கே வந்து நின்றுவிட்டது. இடையில் ஒரு வெற்று நிலம் இருந்தால் வெள்ளிச் சுரங்கத்துக்குப் பாதுகாப்பு. ஆக, லூசியானா ஒரு வேலி. வேலியில் விளைச்சல் எதிர்பார்க்க முடியாது. சிப்பாய் சம்பளம், கோட்டைச் செலவு, பரிசுச் செலவு எல்லாவற்றுக்கும் மெக்சிகோ கஜானாவிலிருந்து வெள்ளி நாணயம் வெராக்ரூஸ் துறைமுகத்துக்கு வந்து, பெரும்பாலும் ஹவானா வழியாக, நியூ ஆர்லியன்ஸ் வந்து சேரும். இந்த மானியத்துக்கு சிதுவாடோ என்று பெயர். சுங்க வரியில் உள்ளூரில் வந்தது செலவில் சிறு பங்குதான். நம் ஆட்கள் பேரேட்டில் இதை எப்படி எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன்: மெக்சிகோ கடை வரவு, லூசியானா கடை பற்று, பற்று, பற்று, எங்கேயும் வரவே இல்லை. கப்பல் தாமதமானால் சிப்பாய்க்குச் சம்பளம் இல்லை, ஆளுநர் ஊர் வியாபாரியிடம் கடன் சொல்ல வேண்டும்.

முதல் ஏஜென்ட்டே, அதாவது முதல் ஸ்பானிய ஆளுநரே, சரியாக அமையவில்லை. அந்தோனியோ தெ உல்லோவா நல்ல விஞ்ஞானி, அதில் சந்தேகமே இல்லை. பூமியின் வடிவத்தை அளக்க பிரெஞ்சுக்காரர்கள் தென் அமெரிக்காவுக்குப் போன குழுவில் இளைஞராக இருந்தவர், பிளாட்டினம் என்ற உலோகத்தைப் பற்றி ஐரோப்பாவுக்கு எழுதியவர், பெருவில் பாதரசச் சுரங்கத்தை நிர்வகித்தவர். ஆனால் 1766 மார்ச்சில் சுமார் 90 சிப்பாய்களோடு நியூ ஆர்லியன்ஸில் வந்து இறங்கினால் யார் மதிப்பார்கள்? தலைநகரில் பிரெஞ்சுக் கொடியைக்கூட அவர் இறக்கவில்லை. பழைய பிரெஞ்சு அதிகாரியை வைத்துக்கொண்டே நிர்வாகம் பண்ணினார். பிறகு ஆற்று முகத்துவாரத்தில் சேறும் கொசுவுமாக இருந்த பலீஸ் என்ற இடத்தில் போய் மாதக்கணக்கில் உட்கார்ந்துகொண்டார், பெருவிலிருந்து வரும் மணப்பெண்ணுக்காக. கல்யாணமும் அங்கேயே. ஊரைக் கூப்பிடாமல் கல்யாணம் பண்ணினால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியாதா? நியூ ஆர்லியன்ஸ் பெரிய வீட்டுப் பெண்களின் கோபம் அங்கேயே ஆரம்பம்.

ஆனால் உண்மையான சண்டை பணத்தில்தான். பழைய பிரெஞ்சு அரசு அச்சடித்துவிட்டுப்போன காகிதப் பணம் மதிப்பிழந்து கிடந்தது. ஊரார் முகமதிப்புக்கே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். உல்லோவா சந்தை மதிப்புக்குத்தான் எடுப்பேன் என்றார். (கணக்குப்படி அவர் சொன்னது சரி. அடுத்தவன் எழுதிக் கொடுத்த உண்டியலுக்கு முழுப்பணம் யார் கொடுப்பார்கள்?) அதற்கு மேல் 1768இல் ஸ்பானியத் துறைமுகங்களோடு மட்டும்தான் வியாபாரம், பிரெஞ்சு ஒயின் வரக்கூடாது என்று ஓர் ஆணை வந்தது. அவ்வளவுதான், அக்டோபரில் தோட்டக்காரர்களும் வியாபாரிகளும் ஊரில் கலகம் செய்தார்கள், நவம்பர் 1ஆம் தேதி உல்லோவா மனைவியோடு கப்பலேறிவிட்டார். அந்தக் கலகக்காரர்களில் பலர் கழுத்துவரை கடனில் இருந்தவர்கள். சுதந்திரம் என்று அவர்கள் எழுதியதை நான் அப்படியே நம்பத் தயாராக இல்லை.

அடுத்து வந்தவர் அலெஹாந்த்ரோ ஓரெய்லி, அயர்லாந்தில் பிறந்து ஸ்பெயினில் தளபதியானவர். 1769 ஆகஸ்டில் 24 கப்பலும் சுமார் 2000 சிப்பாய்களும். ஊரின் மக்கள்தொகையே அப்போது மூவாயிரத்தைச் சுற்றித்தான். தலைவர்களை விருந்துக்கு வரவழைத்துப் பிடித்தார், விசாரித்தார், அக்டோபர் 25ஆம் தேதி ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள். சிலருக்குச் சிறை, மற்றவர்களுக்கு மன்னிப்பு. இந்தியர்களை (பூர்வகுடிகளைத்தான் சொல்கிறேன்) அடிமையாக வாங்கவும் விற்கவும் கூடாது என்று தடை போட்டார், ஆப்பிரிக்கர்களுக்கு அந்தக் கருணை இல்லை. பிரெஞ்சுக்காரர்களின் பழைய மன்றத்தைக் கலைத்துவிட்டு காபில்தோ என்ற நகர சபையை வைத்தார், அதிலும் உள்ளூர்ப் பிரெஞ்சுக் குடும்பங்களுக்கே இடம். சில மாதங்களில் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பிறகு வந்த ஆளுநர்கள் வேறு மாதிரி. உன்சாகா, கால்வேஸ் இருவருமே உள்ளூர்ப் பிரெஞ்சுப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள், அவர்கள் அக்கா தங்கைகள், அதாவது இருவரும் சகலை. கோட்டையின் ஏட்டில் ஸ்பானிய மொழி, தெருவில் பிரெஞ்சு. ஆற்றில் ஆங்கிலேயர்கள் மிதக்கும் கிட்டங்கிகளையே நிறுத்திவைத்துக் கள்ள வியாபாரம் செய்தார்கள், உன்சாகா கண்டும் காணாமல் இருந்தார். இருந்துதானே ஆக வேண்டும்? ஸ்பெயினிலிருந்து வரவேண்டிய மாவும் துணியும் வருவதில்லை, ஆங்கிலேயன் கடனுக்குத் தருகிறான், ஊர் சாப்பிட வேண்டாமா. நஷ்டக் கடையில் கெடுபிடி செல்லாது என்பது அவருக்குப் புரிந்திருந்தது, இந்த நிர்வாகத்தின் மென்மைக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. கால்வேஸ் பெரிய வீரர். அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஆங்கிலேயரிடமிருந்து பேட்டன் ரூஜ், மொபீல், 1781இல் பென்சகோலா என்று வரிசையாகப் பிடித்தார். டெக்சாஸின் கால்வெஸ்டன் அவர் பெயர்தான். போர்க்கதை பிடித்தவர்கள் தேடிப் படியுங்கள், எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை.

வேலியைக் காக்க ஆள் வேண்டுமே. 1778இல் தொடங்கி கனேரி தீவுகளிலிருந்து இரண்டாயிரம் பேர் அளவுக்கு அரசு செலவில் கொண்டுவந்து குடிவைத்தார்கள். அவர்கள் வாரிசுகளை இஸ்லெஞோஸ் என்பார்கள், நியூ ஆர்லியன்ஸுக்குக் கீழே சதுப்பு நிலத்தில் மீன் பிடித்தும் பொறி வைத்தும் பிழைத்தவர்கள், அவர்களுடைய ஸ்பானியப் பேச்சு இருபதாம் நூற்றாண்டு வரை தாக்குப்பிடித்தது. 1785இல் ஏழு கப்பல்களில் சுமார் 1600 அகேடியர்கள். கனடாப் பக்கமிருந்து ஆங்கிலேயர் விரட்டிய பிரெஞ்சுக் குடியானவர்கள், அவர்கள் வந்த செலவும் ஸ்பெயின் அரசருடையது. இன்று உலகம் முழுக்க கேஜன் சமையல் என்று காரமாகச் சாப்பிடுகிறோமே, அந்தக் கேஜன் இந்த அகேடியன்தான். அதைப் போய் ருசி பார்த்தேன். காரம் பரவாயில்லை. செட்டிநாடு என்று போர்டு மாட்டிய எல்லாக் கடையிலும் இங்கே கிடைப்பதைவிட நேர்மையாக இருந்தது.

இப்போது வீடுகளுக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி. 1788 மார்ச் 21, பெரிய வெள்ளி, மதியம். ராணுவப் பொக்கிஷதார் விசென்தே நூஞெஸ் வீட்டில் பூஜை மாடத்து மெழுகுவத்தியிலிருந்து திரைச்சீலையில் தீப்பிடித்தது என்கிறார்கள். தெற்கிலிருந்து காற்று. ஊர் முழுக்க மரச்சட்டம், மரப்பலகைக் கூரை. 856 கட்டடங்கள் எரிந்துபோயின, அதாவது ஊரின் முக்கால்வாசி. மாதாகோயிலும் போனது. கஜானாக்காரர் வீட்டிலிருந்தே நெருப்பு ஆரம்பித்தது என்பதைப் படித்தபோது, நஷ்டக் கணக்கின் உச்சம் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு வருஷத்தில், 1794 டிசம்பர் 8ஆம் தேதி, மறுபடி ஒரு தீ, இந்த முறை 212 கட்டடங்கள், மிச்சமிருந்த நல்ல கடைகளும் கிட்டங்கிகளும். பிரெஞ்சுக் காலத்துக் கட்டடங்களில் உர்சுலைன் கன்னிமாடம் போல ஒன்றிரண்டுதான் தப்பின.

அப்போதைய ஆளுநர் கரோண்டலே காலத்தில் கட்டட விதி போட்டார்கள்: செங்கல் வை, மேலே காரை பூசு, கூரைக்கு ஓடு போடு அல்லது தட்டையாகத் தளம் போடு. அங்கே ஆற்று மண்ணில் சுட்ட செங்கல் மிருதுவானது, காரை பூசாவிட்டால் மழையில் கரையும். வீடுகள் தெருவை ஒட்டி, பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கின்றன. நடுவில் வண்டி போகும் வளைவு வாசல், அதன் வழியே உள்ளே நடந்தால் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் மாடித் தாழ்வாரம். எங்கள் வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) நின்ற மாதிரி இருந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய். நம் வீடு முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் ஓடும், வளவைச் சுற்றிப் புள்ளிக்கு (குடும்பத்துக்கு) ஒன்றாக அறைகள், கல்யாணமும் சாந்தியும் அங்கேதான். அவர்கள் முற்றத்தின் பின்பக்கம் தனியாக ஒரு மாடிக்கட்டு நிற்கும், அடுக்களை கீழே, மேலே அடிமைகள் படுக்கும் அறைகள். இப்போது அந்த அறைகளில் சில ஹோட்டல் அறைகள். படிக்கட்டின் அகலத்தைக் கை வைத்துப் பார்த்தேன், ஒரு ஆள் பக்கவாட்டில் ஏறலாம்.

ஊர் மையத்தில் மாதாகோயில், அதன் இரு பக்கமும் இரண்டு பெரிய கட்டடங்கள். மூன்றுக்கும் பணம் போட்டவர் அந்திரேஸ் அல்மொனெஸ்டர் என்ற பெரிய பணக்காரர். நோட்டரியாக வந்து நில வியாபாரத்தில் சம்பாதித்தவர், ஊர்க் கோயிலுக்குத் திருப்பணி செய்து பெயர் வாங்கும் மனிதரை நமக்குப் புரியாமல் இல்லை. நகர சபைக் கட்டடமான காபில்தோவின் பால்கனி இரும்பு வேலை கனேரி தீவுக்காரர் மார்செலினோ ஹெர்னாந்தெஸ் அடித்தது. சுத்தியால் அடித்த தேனிரும்பு, கோடுகள் மெல்லியவை, வேலைப்பாடு குறைவு. சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் பூ வேலைப்பாட்டு வார்ப்பிரும்பு பால்கனிகள் ஐம்பது வருஷம் கழித்து அமெரிக்கர் காலத்தில் வந்தவை. காபில்தோவின் மேல்கூரையும் 1840களில் ஏற்றியது. ஆக பிரெஞ்சு குவார்ட்டரில் பிரெஞ்சு என்பது பெரும்பாலும் தெருக்களின் வரிசை, பேச்சு, சமையல். சுவர் ஸ்பானியம், சரிகை அமெரிக்கம்.

இன்னொன்றைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. ஸ்பானியச் சட்டத்தில் கோஆர்த்தசியோன் என்று ஒரு வழி இருந்தது, கியூபாவில் நடைமுறையில் இருந்து இங்கே வந்தது. ஓர் அடிமை தன் விலையைத் தானே கட்டி விடுதலை வாங்கலாம். முதலாளி மறுத்தால் ஆளுநர் நீதிமன்றத்துக்குப் போகலாம். முதலாளி ஒரு மதிப்பீட்டாளரை வைப்பார், அடிமை ஒருவரை வைப்பார், ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் மூன்றாமவரை வைக்கும். விலை முடிவானால் பணத்தை வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதித்தான் தரவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் காய்கறி, மீன், பலகாரம் விற்றுச் சேர்த்த காசு. இப்படி வெளியே வந்தவர்களில் பெண்கள் அதிகம், சந்தை அவர்கள் கையில் இருந்ததால். 1771இல் நியூ ஆர்லியன்ஸில் சுதந்திரமான கறுப்பர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் நூறு பேர்கூட இல்லை, ஸ்பெயின் போகும்போது ஆயிரத்தைத் தாண்டியிருந்தார்கள்.

இதை வைத்து ஸ்பெயின்காரன் நல்லவன் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அதே ஆட்சிதான் ஆப்பிரிக்கர்களைக் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்யவும் விட்டது. சதுப்புக் காட்டில் தப்பிப் போய்த் தனி ஊர் அமைத்திருந்தவர்களின் தலைவர் சான் மாலோவை 1784 ஜூனில் மாதாகோயில் எதிரே தூக்கிலிட்டார்கள். 1795இல் புவாந்த் கூப்பேயில் கலகத் திட்டம் என்று சொல்லி 23 அடிமைகளைத் தூக்கிலிட்டு, தலைகளை ஆற்றோரம் கம்பங்களில் வைத்தார்கள். இதையும் அந்த ஏட்டில்தான் எழுதியிருக்கிறது. எங்கள் ஐயாவின் மொல்மீன் கடைப் பேரேடு ஒன்று வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது, சிவமயம் என்று தலைப்பில் போட்டு, பக்கம் பக்கமாகப் பர்மிய விவசாயிகள் பெயரும் வயலும் வட்டியும். விலை விழுந்த 1930களில் கடன் அடைக்க முடியாமல் அந்த வயல்கள் எல்லாம் கைமாறி, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் நம் ஆட்களிடம் வந்து நின்றது. ஆளை ஏட்டில் எழுதவில்லை, நிலத்தைத்தான் எழுதினோம். அந்த வித்தியாசம் பெரியதுதான், ஆனாலும் மேலே நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடை லாபத்துக்குத் திரும்பிய நேரம் பார்த்து அதைக் கைவிட்டதுதான் வேடிக்கை. அவுரி பூச்சியில் அழிந்தது, மெக்சிகோவுக்கு வாங்கிக்கொண்டிருந்த புகையிலையையும் அரசு வெகுவாகக் குறைத்துவிட்டது, தோட்டக்காரர்கள் திண்டாடினார்கள். அந்தச் சமயத்தில் 1795இல் எத்தியென் தெ போரே என்பவர் கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சீனியாகக் கட்டவைத்துக் காட்டினார், பணம் கொட்ட ஆரம்பித்தது. ஆனால் அதே வருஷம் அமெரிக்கர்களோடு உடன்படிக்கை, மிசிசிப்பியில் அவர்கள் தடையில்லாமல் போகலாம், நியூ ஆர்லியன்ஸில் சரக்கை இறக்கி வைக்கலாம் என்று. வேலி ஓட்டையாகிவிட்டது. மேலே ஓஹையோ, கென்டக்கியிலிருந்து மாவும் பன்றி இறைச்சியும் ஏற்றிய படகுகள் ஆயிரக்கணக்கில் இறங்கிவந்தன. வேலை செய்யாத வேலிக்கு எதற்குச் செலவு?

1800 அக்டோபர் 1ஆம் தேதி சான் இல்தெஃபோன்சோவில் ரகசிய ஒப்பந்தம். ஸ்பெயின் அரசரின் மருமகனுக்கு இத்தாலியில் ஒரு சின்ன ராஜ்யம், பதிலுக்கு நெப்போலியனுக்கு லூசியானா. வேறு யாருக்கும் விற்க மாட்டோம் என்று பிரான்ஸ் வாக்குக் கொடுத்தது. 1803இல் விற்றுவிட்டது, அமெரிக்காவுக்கு, 1.5 கோடி டாலருக்கு. அதில் பெரும்பகுதி ஆறு சதவீத வட்டிக் கடன் பத்திரம், அதை வாங்கிப் பணமாக்கிக் கொடுத்தவர்கள் லண்டனின் பேரிங், ஆம்ஸ்டர்டாமின் ஹோப் என்ற இரண்டு வங்கிகள். நெப்போலியன் இங்கிலாந்தோடு சண்டை போட இங்கிலாந்து வங்கியே பணம் புரட்டித் தந்தது. லேவாதேவி தெரிந்தவர்கள் இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டுவார்கள். முழுக் கதையிலும் சந்தேகமில்லாமல் லாபம் பார்த்தவர்கள் இவர்கள்தான்.

1803 நவம்பர் 30ஆம் தேதி காபில்தோவின் மாடியில் ஸ்பெயின் சாவியை பிரான்ஸிடம் கொடுத்தது, டிசம்பர் 20ஆம் தேதி பிரான்ஸ் அதே அறையில் அமெரிக்காவிடம் கொடுத்தது. இருபது நாள் பிரெஞ்சு ஆட்சி. ஸ்பானியச் சட்டம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. கணவன் மனைவி சம்பாத்தியம் இருவருக்கும் பொது, மனைவி கொண்டுவந்த சீதனம் தனிக்கணக்கு என்ற ஏற்பாடு ஸ்பானியர் காலத்தில் ஊன்றியது, பொதுச் சொத்து முறை லூசியானாவில் இன்றும் உண்டு. கடையில் ஆச்சிமார் பணத்தைத் தனிப் பற்றுவரவாக வைத்து வட்டி கட்டிய நம் ஊருக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் தன் விலையைக் கட்டி விடுதலை வாங்கும் உரிமையை அமெரிக்கர்கள் வந்த வேகத்தில் 1807இலேயே எடுத்துவிட்டார்கள்.

ஸ்பானிய நிதி அதிகாரி ஹுவான் வெந்தூரா மொராலெஸ் கதையைச் சொல்லி முடிக்கிறேன். 1802இல் அமெரிக்கர்கள் சரக்கு இறக்கக்கூடாது என்று ஆணை போட்டு, அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சனை நியூ ஆர்லியன்ஸை விலைக்குக் கேட்கும் அவசரத்துக்குத் தள்ளியவர் இவர்தான். கொடி இறங்கியது, சிப்பாய்கள் போனார்கள், இவர் போகவில்லை. அமெரிக்க நகரத்தில் உட்கார்ந்துகொண்டே, இன்னும் ஸ்பெயின் வசம் இருந்த மேற்கு ஃபுளோரிடாவின் நிலத்தைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தார். அமெரிக்க ஆளுநர் கிளைபோர்ன் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு 1806இல் அவரை ஊரைவிட்டே வெளியேற்றினார். மொராலெஸ் பென்சகோலாவுக்குப் போய் அங்கே அலுவலகத்தைத் திறந்துகொண்டார்.